காரைக்குடிப் பக்கம் ரோடு புரொஃபைல் போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு மாடி அறையில் மூன்று கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ரோடு டிசைன் செய்கிறோம். பெரும்பாலும் கிராமச் சாலைகள், ஊருக்குள் தெருக்கள், எப்போதாவது ஒரு பெரிய ரோடு. படிப்பை முடித்துவிட்டு வருகிற தம்பி, தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்பதை எழுதி வைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம் என்று எழுதியது இது. புரொஃபைல் என்றால் ரோடு நீளவாக்கில் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று காட்டும் கோடு. நாங்கள் ஓட்டுவது சிவில் 3டி என்ற மென்பொருள். நீங்கள் ஓப்பன்ரோட்ஸ் வைத்திருந்தாலும் கணக்கு ஒன்றுதான், பொத்தானின் பெயர் மட்டும் மாறும்.

நம் ஊர் தட்டையாகத்தானே இருக்கிறது, புரொஃபைலுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

தட்டையாக இருப்பதால்தான் மெனக்கெட வேண்டும். கொடைக்கானல் ரோட்டில் தண்ணீர் தானாக ஓடிவிடும், அங்கே கவலை வண்டி ஏறுமா என்பது. இங்கே எந்த வண்டியும் ஏறிவிடும், தண்ணீர்தான் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும். செட்டிநாட்டுப் பழைய ஊர்களைப் பாருங்கள், நேர் நேராகத் தெரு, வீடுகள் உயர்ந்த அடித்தளத்தின் மேல், முற்றத்து மழைத்தண்ணீர் தெரு வாய்க்காலுக்கு வந்து அங்கிருந்து ஊருணிக்குப் போகும். அதாவது தெருவுக்கு ஏற்கெனவே ஒரு புரொஃபைல் இருக்கிறது, கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே யாரோ கண்ணளவிலும் நீர்மட்டத்திலும் போட்டு வைத்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மண் வேலை குறைய வேண்டும் என்று மட்டும் பார்த்துக் கோடு இழுத்தால், முதல் ஐப்பசி மழையிலேயே வேலை தெரிந்துவிடும்.

கூகுள் எர்த்தில் எடுத்த லெவலை வைத்துப் போடலாமா?

எந்த வழியாகப் போகலாம் என்று தோராயமாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். விண்கலத்தில் இருந்து ரேடாரில் எடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவுக்கு அதை எடுத்தவர்களே வைத்த இலக்கு 16 மீட்டருக்குள் பிழை என்பது. உண்மையில் அதைவிட நன்றாகத்தான் வரும், ஆனால் நமக்குத் தேவை சென்டிமீட்டர். 100 மீட்டரில் 30 சென்டிமீட்டர் சாய்வுக்காக நாம் அடித்துக்கொள்கிற ஊரில், பனைமரத் தலையைத் தரை என்று சொல்லும் தரவை வைத்து என்ன செய்வது? ஆட்டோ லெவலோ டோட்டல் ஸ்டேஷனோ எடுத்துக்கொண்டு நடங்கள்.

டிஜிபிஎஸ்ஸில் (செயற்கைக்கோள் வழியாக அளக்கும் கருவி) எடுத்தேன், லெவல் மைனஸில் வருகிறது. மெஷின் கெட்டுப்போச்சா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. அது சொல்வது எலிப்சாய்டு (பூமிக்குக் கணக்கில் வைத்துக்கொள்ளும் வழவழப்பான உருண்டை) உயரம், கடல் மட்ட உயரம் இல்லை. உலகத்திலேயே ஜியாய்டு (கடல் மட்டத்தை ஒட்டிய பூமியின் வடிவம்) மிகவும் தாழ்ந்து கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, அங்கே எலிப்சாய்டுக்கு 106 மீட்டர் கீழே. நாம் அதற்குப் பக்கத்து வீடு, நமக்கும் வித்தியாசம் 90 மீட்டரை ஒட்டி வரும். காரைக்குடி இருப்பதே கடல் மட்டத்துக்கு மேல் 80, 90 மீட்டர் என்ற அளவில்தான், அப்புறம் கழித்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்திலோ மைனஸிலோ வராமல் என்ன செய்யும். ஜியாய்டு மாடலைச் சேருங்கள், மட்டம் தெரிந்த ஒரு பெஞ்ச்மார்க் கல்லில் ஒட்டிப் பாருங்கள். முக்கியமாக, பாதி ரோட்டை ஒரு வகையிலும் மீதியை இன்னொரு வகையிலும் எடுத்து ஒரே ஃபைலில் போட்டுவிடாதீர்கள். புரொஃபைல் வியூவில் 90 மீட்டருக்குச் செங்குத்தாக ஒரு பாறை நிற்கும், அதைச் சிரித்துக்கொண்டே எனக்கு அனுப்பியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

தரைக் கோடு கண்மாய்க்கரை வரும் இடத்தில் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குகிறது. தரை அப்படியா இருக்கிறது?

இல்லை, உங்கள் பாயிண்டுகளை இணைத்து மென்பொருள் போடும் முக்கோணங்கள் அப்படி இருக்கின்றன. கரையின் மேல்விளிம்பு இரண்டு, அடிவிளிம்பு இரண்டு, இந்த நான்கையும் வரிசையாகப் பாயிண்ட் எடுத்து பிரேக்லைனாக (முக்கோணம் தாண்டக் கூடாத கோடு) சேர்க்கவில்லை என்றால், மென்பொருள் கரைக்கு இந்தப் பக்கத்துப் பாயிண்டையும் அந்தப் பக்கத்துப் பாயிண்டையும் நேராக இணைத்துவிடும், நடுவில் கரையே இல்லாத மாதிரி. சர்வேக்குப் போகும்போதே இதைச் சொல்லி அனுப்ப வேண்டும். வரத்துக்காலுக்கும் அப்படியே, அடி, மேல், இரண்டு பக்கமும். சின்ன வாய்க்கால்தானே என்று விட்டால் கல்வெர்ட் (ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலம்) எங்கே போடுவது என்று பிறகு முழிக்க வேண்டியதுதான்.

சரி, தரைக் கோடு வந்துவிட்டது. டிசைன் கோட்டை எங்கே ஆரம்பிப்பது? பிவிஐ (இரண்டு சாய்வுக் கோடுகள் சந்திக்கும் புள்ளி) எங்கெங்கே வைப்பது?

இதைத்தான் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். டிரா டேன்ஜென்ட்ஸ் பொத்தானை அழுத்தி, தரைக் கோட்டின் மேலேயே கிளிக் கிளிக் என்று போய், முப்பது மீட்டருக்கு ஒரு பிவிஐ வைத்துவிடுவது. மண் வேலை குறையும், வாஸ்தவம். வண்டியில் போகிறவன் ராட்டினத்தில் உட்கார்ந்த மாதிரி போவான்.

முதலில் அசைக்க முடியாத மட்டங்களை எழுதுங்கள். ஏற்கெனவே இருக்கும் கல்வெர்ட்டின் மேல்மட்டம். பெரிய ரோட்டோடு சேரும் இடத்தில் அந்த ரோட்டின் ஓர மட்டம் (திருமயம், காரைக்குடி, தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் போகும் 536ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போய்ச் சேர்கிறது என்றால், அதன் மட்டத்தை உங்களுக்காக யாரும் மாற்றப்போவதில்லை). ஊருக்குள் என்றால் வாசல்படிகள். கண்மாய் ஓரம் என்றால் கலிங்கின் (உபரித் தண்ணீர் வழியும் இடம்) மட்டமும், மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி நின்ற உயரமும். இந்த வெள்ள மட்டத்துக்கு மேல் சப்கிரேடின் (ரோட்டுக்கு அடியில் இறுக்கிய மண் படுகை) அடி 0.6 மீட்டரில் இருந்து 1 மீட்டர் வரை உயர்ந்து இருக்க வேண்டும் என்று பார்ப்பது வழக்கம். வெள்ள மட்டத்தை ஊரில் வயதானவரிடம் கேளுங்கள், எந்த மரத்தின் எந்த இடம் வரைக்கும் தண்ணீர் நின்றது என்று கையை வைத்தே காட்டுவார்கள், அங்கே ஸ்டாஃபை வைத்து லெவல் எடுத்துவிடலாம்.

இவற்றையெல்லாம் பாயிண்டாக எடுத்து புரொஃபைல் வியூவில் புரொஜெக்ட் செய்யும் வசதி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதே இல்லை. செய்துவிட்டால் கோடு எங்கே தொட வேண்டும், எங்கே தாண்ட வேண்டும், எங்கே கீழே இருக்க வேண்டும் என்று கண் முன்னால் நிற்கும். அதன் பிறகு கர்வ் இல்லாத வெறும் டேன்ஜென்ட்டாக, அதாவது நேர்கோடாக இழுங்கள். கர்வை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். மவுஸால் கிளிக் செய்வதை விட செயினேஜையும் (ரோட்டின் ஆரம்பத்தில் இருந்து உள்ள தூரம்) மட்டத்தையும் தட்டச்சு செய்யும் டிரான்ஸ்பரன்ட் கமாண்டைப் பழகிக்கொள்ளுங்கள், பிவிஐ 420.000 என்று முழு எண்ணில் உட்காரும். 417.836 என்று இருந்தால் தளத்தில் இருப்பவர் மனசுக்குள் உங்களைத் திட்டுவார்.

சாய்வு எவ்வளவு? சமதளத்தில் ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) சொல்லும் ரூலிங் கிரேடியன்ட், அதாவது வழக்கமாக வைக்கக்கூடிய அதிகபட்சச் சாய்வு, 3.3 சதவீதம், அதைப் பற்றி இங்கே கவலையே வேண்டாம். கவலை கீழ்ப்பக்கம்தான். கெர்ப் (ஓரக் கல்) வைத்த ரோட்டில் பக்க வாய்க்கால் கட்டப்பட்டது என்றால் 0.5 சதவீதமாவது, வெறும் மண் வாய்க்கால் என்றால் 1 சதவீதமாவது நீளவாக்கில் சாய்வு வேண்டும் என்பது விதி. நம் தெருக்களில் இது பல இடத்தில் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் ரோட்டை வளைத்துக்கொண்டிருக்காமல் வாய்க்காலின் அடிக்குத் தனியாக ஒரு புரொஃபைல் போட்டு, ரோடு தட்டையாக இருந்தாலும் வாய்க்கால் சாய்ந்து போகும்படி செய்துவிடுங்கள்.

கே மதிப்பு என்கிறார்களே, அது என்ன? எவ்வளவு வைப்பது?

சாய்வு 1 சதவீதம் மாறுவதற்கு எத்தனை மீட்டர் நீளம் எடுத்துக்கொள்கிறோம், அதுதான் கே. கர்வின் நீளத்தை இரண்டு சாய்வுகளின் வித்தியாசத்தால் வகுத்தால் வந்துவிடும். கர்வ் வகை மூன்று நான்கு காட்டும், பரவளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சாய்வு ஒரே வீதத்தில் மாறும், வண்டிக்கு உலுக்கல் இல்லை, கையால் கணக்குப் போடவும் எளிது.

நம் நாட்டுக்கு ஐஆர்சி எஸ்பி 23, 1983இல் வந்தது, இதற்கென்றே உள்ள புத்தகம். மேட்டுக் கர்வை சம்மிட் என்றும் பள்ளக் கர்வை வேலி என்றும் சொல்லும் (முள்வேலி இல்லை). மேட்டில் ஓட்டுநரின் கண் 1.2 மீட்டர் உயரத்தில், ரோட்டில் கிடக்கும் பொருள் 0.15 மீட்டர் உயரத்தில் என்று எடுத்துக்கொள்கிறது. பள்ளத்தில் இரவு நேர ஹெட்லைட், 0.75 மீட்டர் உயரத்தில் இருந்து 1 டிகிரி மேல்நோக்கி விரியும் வெளிச்சம். இவற்றிலிருந்து வரும் கே மதிப்புகள், மேட்டுக்கு முதலில், பள்ளத்துக்கு அடுத்து: மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 4.6, 6.6. 50க்கு 8.2, 10. 65க்கு 18.4, 17.4. 80க்கு 32.7, 25.3. 100க்கு 73.6, 41.5. கிராமச் சாலைக்கு சமதளத்தில் 50 எடுப்போம், இடமே இல்லை என்றால் 40.

மென்பொருளே கே மதிப்பு கொடுக்கிறதே, அதை அப்படியே விட்டால் என்ன?

இதற்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்று கூடச் சொல்லலாம். சிவில் 3டியோடு வரும் டிசைன் கிரைட்டீரியா ஃபைல் அமெரிக்க ரோடு விதிகளான ஆஷ்டோவை வைத்துச் செய்தது. அவர்கள் கண்ணை 1.08 மீட்டரிலும், பொருளை 0.60 மீட்டரிலும் வைக்கிறார்கள், அதாவது முன்னால் போகும் காரின் பின்விளக்கு தெரிந்தால் போதும் என்ற கணக்கு. நம் கணக்கில் ரோட்டில் கிடக்கும் கல்லும் தெரிய வேண்டும். அதனால் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேட்டுக் கர்வில் ஆஷ்டோ 26 கேட்கும், ஐஆர்சி 32.7 கேட்கும். 100க்குப் போனால் 52க்கு 73.6. மஞ்சள் முக்கோண எச்சரிக்கை எதுவும் வராமல் எல்லாம் சரி என்று திரை சொல்லும், படத்தைச் சரிபார்க்கும் அதிகாரி சிவப்பு மையில் வட்டம் போடுவார். பள்ளத்தில் நிலைமை தலைகீழ், 80க்கு அவர்கள் 30, நாம் 25.3, அங்கே உங்கள் கர்வ் சரியாக இருந்தும் எச்சரிக்கை கத்திக்கொண்டிருக்கும்.

கிரைட்டீரியா எடிட்டரில் போய் அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, மேலே சொன்ன எண்களை உள்ளிட்டு வேறு பெயரில் சேமியுங்கள். ஒரு மத்தியான வேலை. அப்புறம் ஆயுசுக்கும் தொல்லை இல்லை.

ஒரு உதாரணம் போட்டுக் காட்ட முடியுமா?

கண்மாய்க்கரையைத் தாண்டும் கிராமச் சாலை என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் +2.0 சதவீதம் ஏறி, அந்தப் பக்கம் -1.8 சதவீதம் இறங்குகிறது. பிவிஐ 420 செயினேஜில், மட்டம் 86.500. வேகம் 50.

வித்தியாசம் 3.8. கே 8.2 என்றால் நீளம் 31 மீட்டர். இந்த வேகத்துக்குக் குறைந்தபட்ச நீளம் 30, சரிதான். தளத்தில் அளக்க வசதியாக 40 வைப்போம். கர்வ் 400இல் ஆரம்பிக்கும், அங்கே மட்டம் 86.100. 440இல் முடியும், 86.140. வித்தியாசத்தை நீளத்தால் பெருக்கி 800ஆல் வகுத்தால் பிவிஐக்கும் கர்வுக்கும் இடைவெளி, 0.19 மீட்டர். ஆக 420இல் ரோட்டின் மட்டம் 86.310. உச்சி எங்கே? முதல் சாய்வை நீளத்தால் பெருக்கி வித்தியாசத்தால் வகுத்தால் 21.05, அதாவது 421.05 செயினேஜ்.

இங்கே ஒரு விஷயம். 50 வேகத்துக்கு வண்டியை நிறுத்தத் தேவையான பார்வைத் தூரம் 60 மீட்டர், நம் கர்வோ 40தான். கர்வ் பார்வைத் தூரத்தை விடச் சின்னது என்றால் சூத்திரமே வேறு: பார்வைத் தூரத்தின் இரண்டு மடங்கில் இருந்து, 4.4ஐ சாய்வு வித்தியாசத்தால் (0.038 என்று பின்னத்தில்) வகுத்ததைக் கழிக்க வேண்டும். போட்டால் 4.2 மீட்டர்தான் வருகிறது. அதனால் கே வைத்துப் போட்ட 31 மீட்டர் தேவைக்கு மேலேதான் இருக்கிறது, பயம் இல்லை. இடமே இல்லாத இடத்தில் அதிகாரியிடம் வாதாட இந்தக் கணக்கு உதவும்.

எல்லா பிவிஐயிலும் கர்வ் வேண்டுமா?

வேண்டாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வித்தியாசம் 1 சதவீதம் வரைக்கும் கர்வ் இல்லாமல் விடலாம். 40க்கு 1.2, 65க்கு 0.8, 80க்கு 0.6, 100க்கு 0.5. நம் ஊர்த் தெருக்களில் பாதி பிவிஐ இதற்குள் அடங்கிவிடும்.

பள்ளக் கர்வ் நீளமாக இருந்தால் நல்லதுதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். சில வருடங்களுக்கு முன்னால், கரையில் இருந்து ஊருக்குள் இறங்கும் ஒரு ரோடு, -2.0 சதவீதத்தில் வந்து தெருவில் +0.3க்கு மாறுகிறது. வித்தியாசம் 2.3, கே 10 என்றால் 23 மீட்டர், குறைந்தபட்சம் 30. நான் வழவழவென்று இருக்கட்டும் என்று 60 போட்டேன். தண்ணீர் வாங்கும் குழியை பிவிஐக்கு நேராக வைத்தேன், பள்ளம் அங்கேதானே என்று.

பள்ளம் அங்கே இல்லை. கணக்கைப் போடுங்கள்: 2.0ஐ 60ஆல் பெருக்கி 2.3ஆல் வகுத்தால் 52.2. பிவிஐ இருப்பது 30இல். உண்மையான தாழ்ந்த இடம் 22 மீட்டர் தள்ளிப்போய்விட்டது, குழியின் வாயை விட 9 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்வாக. இரண்டு சாய்வும் சமமாக இருந்தால்தான் பள்ளம் பிவிஐக்கு நேரே வரும். சமம் இல்லை என்றால் சாய்வு குறைந்த பக்கமாக ஓடும், கர்வை நீட்ட நீட்ட இன்னும் ஓடும். மழை வந்தது. ஒரு பெரிய வீட்டின் முகப்புக்கு நேரே தண்ணீர் தேங்கி நின்றது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி என்னைப் பார்த்து, "தம்பி, ஊருணிக்கு நடக்க முடியலைன்னு சொன்னேன், அதுக்காக வாசலுக்கே கொண்டாந்துட்டியாக்கும்" என்றார். திட்டியிருந்தால் கூட மறந்திருப்பேன்.

30 மீட்டரோடு விட்டிருந்தால் 11 மீட்டர்தான் நகர்ந்திருக்கும், குழியையும் அங்கே வைத்திருக்கலாம். இப்போதெல்லாம் பள்ளக் கர்வ் போட்டதும் தாழ்ந்த புள்ளியின் செயினேஜை லேபிளில் வரவைத்து, அந்த இடத்தில் நின்று தண்ணீருக்கு வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கர்வுக்குப் போகிறேன். காரிடார் (ரோட்டின் முப்பரிமாண மாதிரி) ஃப்ரீக்வென்சியிலும் உச்சி, பள்ளம் வரும் புள்ளிகளைச் சேர்க்கும் தேர்வு ஒன்று உண்டு, அதை ஆன் செய்துவிடுங்கள். இன்னொன்று, கெர்ப் உள்ள ரோட்டில் பள்ளக் கர்வின் கே 51ஐத் தாண்டினால் அடிப்பகுதி மிகவும் தட்டையாகி வடியாது என்பது ஆஷ்டோ சொல்லும் எல்லை. இதை மட்டும் அவர்களிடம் இருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம்.

பழைய தெருவில் மேலேயே தார் போடச் சொல்கிறார்கள். புரொஃபைலை எவ்வளவு உயர்த்துவது?

உயர்த்தாதீர்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, நான்கு படி ஏறிப் போன வீட்டுக்கு இரண்டு படிதான் மிச்சம் என்று ஆன தெருக்கள் இங்கே நிறைய. பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசே அறிவுறுத்தியிருக்கிறது. மென்பொருளில் இருக்கும் ரோட்டின் கோட்டை நகல் எடுத்து மொத்தமாகத் தூக்கும் வசதி கைக்கு எளிதாக இருப்பதால் எல்லோரும் அதை அழுத்திவிடுகிறார்கள். அதற்குப் பதில் வாசல்படி மட்டங்களைப் புரொஜெக்ட் செய்து, மிகத் தாழ்ந்த படியை எல்லையாக வைத்து, கோட்டை அதற்குக் கீழே கொண்டுவாருங்கள், எவ்வளவு சுரண்ட வேண்டும் என்பது தானாக வரும்.

புரொஃபைல் படத்தோடு வரும் பேண்டில் (எண்கள் வரும் கட்டம்) தரை மட்டமும் டிசைன் மட்டமும் ஒரே எண்ணைக் காட்டுகிறது.

புரொஃபைல் வியூ பிராப்பர்ட்டீஸில் பேண்ட்ஸ் பக்கத்துக்குப் போங்கள். புரொஃபைல் 1, புரொஃபைல் 2 என்று இரண்டு கட்டம், இரண்டிலும் தரையே இருக்கும். இரண்டாவதில் டிசைனைத் தேர்ந்தெடுங்கள்.

காரிடார் பாதி ரோட்டில் நின்றுவிடுகிறது.

டிசைன் புரொஃபைல் அலைன்மென்ட்டின் (ரோட்டின் நடுக்கோடு) கடைசி வரைக்கும் போகவில்லை. கடைசி பிவிஐயைச் சரியாக முடிவில் வையுங்கள்.

புதிய சர்வே பாயிண்ட் சேர்த்தேன், தரைக் கோடு மாறவில்லை.

ஒன்று, கோடு ஸ்டாட்டிக்கில் இருக்கும், டைனமிக் ஆக்குங்கள். அல்லது சர்ஃபேஸ் ரீபில்ட் ஆகாமல் ஆச்சரியக்குறியோடு காத்துக்கொண்டிருக்கும்.

பிரின்ட்டில் பார்த்தால் ரோடு மலை ஏறுகிற மாதிரி இருக்கிறதே என்று பஞ்சாயத்தில் கேட்கிறார்கள்.

செங்குத்து அளவு பத்து மடங்கு பெரிதாகக் காட்டப்படுகிறது என்று சொல்லுங்கள். நம்பாவிட்டால் ஒரு மடங்கில் ஒரு பிரின்ட் கொடுங்கள், நேர்கோடுதான் தெரியும், அதைப் பார்த்துவிட்டு இதற்கா இவ்வளவு காசு என்று கேட்பார்கள்.

தளத்துக்கு எதைக் கொடுத்து அனுப்புவது?

அழகான வண்ணப் படத்தை இல்லை. டூல்பாக்ஸில் ரிப்போர்ட் எடுக்கும் இடத்தில் செயினேஜ் வாரியாக மட்டம் எடுக்கலாம். நேர் பகுதியில் 10 மீட்டருக்கு ஒன்று, கர்வுக்குள் 5 மீட்டருக்கு ஒன்று, கூடவே கர்வ் ஆரம்பம், முடிவு, உச்சி அல்லது பள்ளம். நடுக்கோட்டின் மட்டம் மட்டும் போதாது, இரண்டு ஓர மட்டமும் வேண்டும், 3.75 மீட்டர் ரோட்டில் 2.5 சதவீதச் சாய்வு என்றால் ஓரம் 4.7 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் தலைப்பு போட்டுக் கொடுங்கள். அனுப்புவதற்கு முன்னால் ஏதாவது இரண்டு மட்டத்தைக் கால்குலேட்டரில் போட்டுச் சரிபாருங்கள், மேலே போட்ட 86.310 மாதிரி. பெஞ்ச்மார்க் எந்தக் கல்லில் இருக்கிறது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள், கோயில் மதில் ஓரம் என்று மட்டும் எழுதினால் நான்கு பக்கமும் மதில்தான்.